தின்குழியம்: தின்பதும் காவுவதும்

தமிழ்நாட்டில் டைபாய்டு எனப்படும் நோய்க்கு யாழ்ப்பாணத்தில் நெருப்புக் காய்ச்சல் என்று பெயர். உயர்தர வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சேர், தின்குழியம் கிருமியைத் தின்றுவிடும் என்று போன மாதம் படிப்பித்தீர்கள். இப்போது அதற்குள் இருந்தபடியே கிருமி உடம்பெங்கும் போகிறது என்கிறீர்கள். தின்றால் சாகாதா?"

அவளைக் குழப்பியது 'தின்' என்ற சொல்.

தின்குழியம் என்பது கிருமிகளை விழுங்கும் குருதிக் கலம் (செல்). அதன் மூலச்சொல்லான 'ஃபகோசைட்' என்பதில் இரண்டு கிரேக்க வேர்கள் உள்ளன. 'ஃபகெயின்' தின்னுதல், 'கைட்டோஸ்' உட்குழிந்த பாத்திரம். 1882 இல் சிசிலித் தீவின் மெசினாவில் உருசிய விலங்கியலாளர் இலியா மெச்னிக்கோவ் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குடம்பிக்குள் (இளம் பருவ உயிருக்குள்) ரோசா முள்ளைச் செருகிவைத்தார். மறுநாட் காலையில் முள்ளைச் சுற்றி நகரும் கலங்கள் மொய்த்திருந்தன. அடுத்த ஆண்டு அக்கலங்களுக்கு இந்தப் பெயரை எடுத்துக்கொடுத்தவர் வியன்னாவின் விலங்கியலாளர் கார்ல் கிளவுஸ். மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1873 இல், நாடு திரும்பிவிட்டார். அவர் கையில் கிடைத்திருந்தால் இதை எப்படித் தமிழாக்கியிருப்பார் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

நம் பாடநூல்கள் 'கைட்டோஸ்' என்பதன் குழிவை அப்படியே பிடித்தன: செங்குழியம், வெண்குழியம், தின்குழியம். தமிழ்நாட்டில் விழுங்கணு, விழுங்கு செல் என்கிறார்கள். அணு இன்று வேதியியலுக்கு உரிய சொல்லாகிவிட்டதால் குழியமே பொருத்தம் என்பேன். 'செல்' என்பதற்கு நாம் வழங்கும் கலமும் பாத்திரம்தான், மரக்கலமும் அதுவே. கலன் அதன் இன்னொரு வடிவம். ஆகவே குருதிக்கலனுக்குள் ஓடுவதும் கலம்தான்.

தின்குழியம் வினைத்தொகை. தின்ற, தின்கின்ற, தின்னும் என மூன்று காலத்துக்கும் பொருந்தும். ஆனால் செரிக்கும் என்று அந்தச் சொல் எங்கும் உறுதி தரவில்லை. மாணவிக்கு நான் சொன்ன முதல் விடை இது.

நெருப்புக் காய்ச்சலையே பாருங்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளின் வழியே மலசலகூடக் குழியின் கழிவு அயல் கிணற்றுக்குப் போய்விடக்கூடும். அந்த நீரோடு வயிற்றுக்குள் போகும் சல்மனெல்லா என்ற நெருப்புக் காய்ச்சற் கிருமி, சிறுகுடற் சுவரைக் கடந்ததும் பெருந்தின்குழியம் அதைச் சூழ்ந்து சிறு பையொன்றுக்குள் அடைக்கிறது. வழக்கமாக நொதி நிறைந்த இலைசோசோம்கள் என்ற நுண்பைகள் அந்தப் பையோடு இணைந்து கிருமியைக் கரைத்துவிடும். சல்மனெல்லாவோ ஊசி போன்ற உறுப்பால் தன் புரதங்களைப் பைக்கு வெளியே செலுத்தி, கலத்தின் ஒழுங்கைக் குலைத்து, அந்தப் பையையே குடியிருக்கும் அறையாக்கிக்கொள்கிறது. உள்ளேயே பெருகுகிறது. கலம் நிணநீரில் இறங்கிக் குருதியில் கலந்து ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் என்பு மச்சைக்கும் (எலும்பு மஜ்ஜைக்கும்) போகிறது. கிருமியும் கூடவே போகிறது. ஆய்வுகூடத் தட்டில் இதே கிருமியைக் கொல்லும் ஜென்டமைசின் என்ற மருந்து நோயாளியிடம் பலிப்பதில்லை. கலத்தின் உள்ளே அது சரிவரப் புகாததே காரணம். காசநோய்ப் பற்றீரியாவும் லிஸ்டீரியாவும் வேறு உத்திகளால் இப்படித் தப்புகின்றன. ஸ்டஃபிலோகொக்கசு நடுநிலைநாடிகள் (நியூட்ரோபில்) என்ற வெண்குழியங்களுக்குள்ளும் உயிரோடு இருக்க வல்லது.

இந்தச் சுமக்கும் தொழிலுக்குத் தமிழில் என்ன பெயர்? ஆங்கில நூல்கள், பகைவர் உள்ளே ஒளிந்து நகருக்குள் புகுந்த ட்ரோய் மரக்குதிரையை உவமை காட்டுகின்றன. எனக்கு அது உடன்பாடில்லை. மரக்குதிரையைச் செய்தவர்கள் பகைவர்கள். இங்கே பகையைச் சுமந்து செல்வது நம் சொந்தக் காவற்கலம். சரியான சொல் எங்கள் முற்றத்திலேயே கிடக்கிறது: காவுதல், அதாவது சுமத்தல். குடத்தைக் காவி வருகிறோம், பிள்ளையைக் காவித் திரிகிறோம். நுளம்பை (கொசுவை) நோய்க்காவி என்கிறோம். சொல்லும் பழையது: புறநானூற்றின் 206 ஆம் பாட்டில் அதியமானின் வாயிற்காவலனிடம் ஔவையார், இசைக்கருவிகளைத் தோளில் காவிக்கொண்டோம் என்ற பொருளில் 'காவினெம் கலனே' என்கிறார். காவும் கலனும் அன்றே பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கின்றன.

ஆகவே காவுகுழியம் என்று எழுதலாம் என்பது என் துணிபு. தின்குழியம் அந்தக் கலத்தின் பொதுப்பெயராகவே இருக்கட்டும். உள்ளே உயிருள்ள கிருமியோடு அது பயணம் செய்யும் நிலைக்கு மட்டும் இந்தப் பெயர். எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதுவும் வினைத்தொகை, வலி மிகாது. 'காவுக்குழியம்' என்று ககர ஒற்றை இட்டால் 'காவு' பெயர்ச்சொல்லாகிப் பலி என்ற பொருள் வந்துவிடும்.