டோட்டம் கம்பம் – குலக்குறிக் கம்பம்

கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்திலுள்ள மானுடவியல் அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது, கண்ணாடிச் சுவர் சூழ்ந்த பெருங்கூடத்தில் நிற்கும் தேவதாரு மரக் கம்பங்களைத்தான். ஆர்தர் எரிக்சன் வடிவமைத்து 1976இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் மஸ்குவியம் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் நிற்கிறது. அருகில் சென்றால் உளித் தடங்கள் மீன் செதில்போல் வரிசை வரிசையாகத் தெரிகின்றன. பின்புறம் சென்று பார்த்தால், எடையைக் குறைப்பதற்காகப் பல கம்பங்களை உள்ளே குடைந்திருப்பதும் தெரிகிறது. இவற்றை உலகமே ‘டோட்டம் கம்பம்’ என்கிறது. ஆனால், அந்தச் சொல் இவற்றைச் செதுக்கிய மக்களுடையது அன்று.

‘டோட்டம்’ என்பது அமெரிக்கப் பேரேரிகளைச் சூழ்ந்து வாழும் ஒஜிப்வே மக்களின் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் ‘ஓடோட்டமன்’ என்றால் ‘அவனுடைய குலத்தார், உடன்பிறப்பு உறவினர்’ என்று பொருள். தோல் வணிகரும் துபாஷியுமான ஜான் லாங் 1791இல் வெளியிட்ட பயண நூலில் ‘டோட்டம்’ என்று எழுதியதிலிருந்து அது ஆங்கிலத்தில் பரவி, பிற்பாடு மானுடவியலின் கலைச்சொல்லாயிற்று. கம்பங்களை நிறுத்தியவர்களோ பசிபிக் கரையோரத்து ஹைடா, நிஸ்கா, ஷிம்ஷியன், குவாக்குவாக்காவாக்கு முதலிய மக்கள். ஒஜிப்வே நாட்டிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்பவர்கள். அவர்களுடைய மொழிகளில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருக்க, எங்கோ இருந்து வந்த பெயரே நிலைத்துவிட்டது.

கம்பத்தில் உள்ள உருவங்கள் வழிபாட்டுக்குரியவை அல்ல. ஒரு குடும்பம் தன் முன்னோரிடமிருந்து பெற்ற உரிமைச் சின்னங்கள் அவை. நீண்ட நேரான அலகு காக்கையையும் வளைந்த அலகு கழுகையும் குறிக்கும்; இரண்டு பெரிய முன்பற்களும் கட்டமிட்ட வாலும் இருந்தால் அது நீரெலி எனப்படும் பீவர். அடியில் இருப்பது தாழ்ந்தது என்ற எண்ணமும் தவறானது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘கந்து’ என்ற பழஞ்சொல் உடனே நாவில் வரும். தெய்வம் உறையும் தறியை, அதாவது நட்ட மரத்தை, திருமுருகாற்றுப்படை ‘கந்துடை நிலை’ என்கிறது. சொல் அழகானதுதான், ஆனால் இங்கே பொருந்தாது. வழிபாடில்லாத இடத்தில் தெய்வத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். ‘தூண்’ என்றால் கூரையைத் தாங்குவது என்ற எண்ணம் வரும். இம்மக்களின் பெருவீடுகளில் உத்திரத்தைத் தாங்கும் செதுக்குமரங்களும் உண்டு. அவற்றைத் தூண் என்பதே முறை. தனித்து நிற்பதற்குக் ‘கம்பம்’தான் சரி, கொடிக்கம்பத்தை நாம் தூண் என்பதில்லையே. ‘டோட்டம்’ என்பதற்கு மானுடவியல் எழுத்தில் வழங்கும் ‘குலக்குறி’யைச் சேர்த்தால் ‘குலக்குறிக் கம்பம்’ கிடைக்கிறது. ‘குல’ என்ற அடை, ஒஜிப்வே மூலத்தில் இருந்த உறவுப்பொருளையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது.

அந்த உறவுப்பொருள் வெறும் அகராதிச் செய்தி அன்று. இறந்த வீரர் ஒருவரின் நினைவாக நிஸ்கா மக்கள் நிறுத்திய 11 மீட்டர் உயரக் கம்பம் ஒன்று, 1929இல் அவர்களின் இசைவின்றிப் பெயர்த்தெடுக்கப்பட்டு, எடின்பரோ அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது. 2023இல் அது நிஸ்கா மக்கள் வாழும் நாஸ் பள்ளத்தாக்குக்குத் திரும்பியபோது, கலைப்பொருள் ஒன்று மீட்கப்பட்டதாக அல்லாமல், மூதாதை ஒருவர் வீடு திரும்பியதாகவே அம்மக்கள் அதை வரவேற்றார்கள். இப்போது அது லக்ஸ்கால்ட்சப் ஊரில், நிஸ்கா மக்களின் சொந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது.