சாப்பிடாமலே ஏறும் சர்க்கரை

"ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட சரியாகக் குடிக்கவில்லை, அப்புறம் எதற்கு ஊசி மிஸ்ஸி?" கோலாலம்பூர் வார்டுகளில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நீரிழிவு நோயாளி இப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் உடம்பின் கணக்கு வேறு. பயம், வலி, கத்தி படுவது எல்லாம் கார்டிசோல், அட்ரினலின் என்ற ஹார்மோன்களைக் கிளப்பிவிடும். கல்லீரல் தானே சர்க்கரையை உற்பத்தி செய்து ரத்தத்தில் கொட்டும். அதனால்தான் சாப்பாட்டு இன்சுலினை நிறுத்தினாலும், நீண்டநேர இன்சுலினை அடியோடு நிறுத்துவதில்லை. வழக்கமான அளவில் சுமார் 80 விழுக்காட்டை மருத்துவர் போடச் சொல்வார்.

மாத்திரைகளில் மெட்ஃபார்மின், கிளிக்லசைடு இரண்டும் பெரும்பாலும் அறுவை சிகிச்சை அன்று காலை மட்டும் கிடையாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையை 3 நாளைக்கு முன்பே நிறுத்த வேண்டும். இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. பட்டினியும் சேர்ந்தால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் அமிலத்தைச் சேர்த்துவிடும். குளுக்கோமீட்டரோ சாதுவாக 9 என்று காட்டிக்கொண்டிருக்கும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு தெரிந்தால், மீட்டரை நம்பாமல் ரத்தக் கீட்டோனைப் பார்க்க வேண்டும்.

ரத்தச் சர்க்கரைக்கான இலக்கு லிட்டருக்கு 6 முதல் 10 மில்லிமோல். தமிழ்நாட்டு உறவினருக்கு அவர்களுடைய மில்லிகிராம் கணக்கில் சொல்வதென்றால் 18-ஆல் பெருக்குங்கள்: நம் 10 அங்கே 180. நான்குக்குக் கீழே போனால் ஆபத்து. மயக்கத்தில் இருப்பவருக்கு நடுக்கமோ தடுமாற்றமோ வெளியே தெரியாது. எனவே மணிக்கொரு முறை விரலில் குத்திப் பார்க்கிறார்கள். வார்டில் பார்க்கும்போது, மாம்பழம் உரித்த கையாக இருந்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குத்த வேண்டும்.

இன்சுலினை ரத்தநாளம் வழியே செலுத்தும்போதுதான் தாதியின் கவனம் முழுதும் தேவை. 50 யூனிட் குறுகியநேர இன்சுலினை உப்புநீரில் கலந்து 50 மில்லி ஆக்கினால், 1 மில்லிக்கு 1 யூனிட். இன்சுலின் பிளாஸ்டிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும். முதல் 20 மில்லியைக் குழாய் வழியே ஓடவிட்டுக் கொட்டாவிட்டால், பம்ப் காட்டும் அளவு முதலில் உடம்புக்குப் போய்ச் சேராது. இன்சுலின் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் என்பதால் அதையும் சோதிப்பார்கள்.

எக்ஸ்ரேவுக்கு நகர்த்தும் நேரத்தில் குளுக்கோஸ் சொட்டைக் கழற்றிவிட்டு இன்சுலின் பம்ப்பை மட்டும் ஓடவிடுவது மோசமான தவறு. சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். நேர்மாறான ஆபத்தும் உண்டு. ரத்தநாளத்தில் போன இன்சுலினின் வேலை சில நிமிடங்களில் தேய்ந்துவிடும். முதல் வகை நீரிழிவுக்காரருக்கு மாற்று இன்சுலின் போடாமல் பம்ப்பை நிறுத்தினால், சில மணி நேரத்தில் கீட்டோன் ஏறத் தொடங்கும். ஆகவே நீண்டநேர ஊசியைத் தோலடியில் போட்டு, அது வேலைசெய்ய அவகாசம் கொடுத்த பிறகே பம்ப்பை நிறுத்துவார்கள்.

வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் மறுநாள் வரை சர்க்கரையைத் தூக்கிவைக்கும். அதைத் தொற்று என்று நினைத்துப் பதறவேண்டாம், ஆனால் காயத்தைப் பார்ப்பதையும் விடக்கூடாது. காலில் உணர்ச்சி மழுங்கியவருக்குக் குதிகால் புண்ணாவது வலிக்காது. ஆகவே கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் தூக்கிவைத்து, ஒவ்வொரு ஷிப்ட்டிலும் பார்க்க வேண்டும்.

பார்வையாளர் நேரத்தில் வீட்டார் ஆசையாக மைலோ ஊற்றித் தருவார்கள். கொடுக்கலாமா என்று முதலில் தாதியிடம் கேளுங்கள். சாப்பாட்டு ஊசியும் தட்டு முன்னே வந்த பிறகுதான். குமட்டல் இருந்து, எவ்வளவு உள்ளே போகும் என்று தெரியாவிட்டால், சாப்பிட்டு முடித்ததும் அதற்கேற்ற அளவை மருத்துவர் சொல்லிப் போடுவார்கள்.