கெளுத்திச் சண்டையும் தொட்டித் தண்ணீரின் வாசனையும்

பாம்பன், மண்டபம் பகுதியில் வலையில் கெளுத்தி சிக்கினால், அதன் முள்ளை ஒடித்த பிறகே மீனவர்கள் மீனைக் கழற்றுவார்கள். முதுகில் ஒன்றும் மார்புத் துடுப்புகளில் இரண்டுமாக மூன்று முட்களை விறைப்பாக நிறுத்திப் பூட்டிக்கொண்டு, கொரகொரவென்று ஒலியும் எழுப்பும் மீன் அது. அதன் நன்னீர் உறவினங்களான தேளி, பிக்டஸ், சைனோடான்டிஸ், சக்கர் முதலியவற்றை வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்போர் இராமநாதபுரம் கரையோர ஊர்களிலும் உண்டு. பழைய மீன் குடியிருக்கும் தொட்டியில் புதிய மீனை விட்டதும் விரட்டலும் கடியும் ஏன் தொடங்குகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அவற்றின் மூக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கெளுத்தி இனங்களில் பெரும்பாலானவை இரவிலும் கலங்கல் நீரிலும் இரை தேடுபவை. மீசையில் மட்டுமல்லாமல் உடல் தோல் முழுவதும் சுவை மொட்டுகள் பரவியிருந்தாலும், எதிரில் இருப்பது யார் என்று அறிவிப்பது மூக்குதான். வட அமெரிக்காவின் மஞ்சள் புல்ஹெட் கெளுத்தியை ஆராய்ந்த ஜான் டாட், யெல்லே ஆட்டெமா, ஜான் பார்டாக் ஆகியோர் 1967-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். பார்வை இழந்த மீன்கள்கூட இரண்டு தனி மீன்களின் தண்ணீரை வாசனையாலேயே வேறுபடுத்தி அறிந்தன. மோப்பத் திசுவை அழித்ததும் அந்தத் திறன் போய்விட்டது. டாட் அடுத்துச் செய்த சோதனைகள் நமக்கு இன்னும் பயனுள்ளவை. கூட்டமாக அமைதியாக வாழ்ந்த மீன்களின் தண்ணீரைச் சண்டைக்கார இணையின் தொட்டியில் கலந்தபோது மோதல் அடங்கியது. வேறோர் இடத்தில் தோற்றுவிட்டு வந்த ஆதிக்க மீனையோ, அதன் பழைய துணையே தாக்கியது. தோல்வியால் அதன் வாசனை மாறியிருந்தது.

நம் கடலிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. வரிகள் ஓடும் கடல் கெளுத்தியின் குஞ்சுகள் பவளப்பாறைகளுக்கு அருகே உருண்டை உருண்டையாகத் திரள்கின்றன. அவை தம் கூட்டத்தை அடையாளம் காண்பதும் வாசனையால்தான்.

ஆகவே, புதிய மீன் வரும் நாளில் தொட்டியை முழுதாகக் கழுவி, முழுத் தண்ணீரையும் மாற்றும் பழக்கம் நல்லதன்று. அடையாள வாசனை கலைந்துவிட்டால் பழகிய மீன்களும் மறுபடி மோதத் தொடங்கலாம். இம்மாவட்டத்தில் வேறொரு சிக்கலும் உண்டு: பல ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பாகவும், குழாயில் வரும் காவிரி நீர் குளோரின் கலந்ததாகவும் இருப்பதால், திடீர் மாற்றமே மீனை வாட்டும். ஒரு தடவைக்கு நாலில் ஒரு பங்கு நீரை மட்டும், குளோரின் நீக்கி மாற்றுவது போதும்.

என் கணிப்பில் மிகச் சிறந்த வழி, துளையிட்ட பிளாஸ்டிக் தடுப்பைத் தொட்டியின் நடுவே நிறுத்தி, புதிய மீனை ஒரு வாரம் அப்பால் வைத்திருப்பதாகும். கடி படாமல் வாசனை மட்டும் இருபுறமும் கலந்து, புதியது அந்நியமாக இருப்பது மெல்ல மெல்லக் குறையும். தடுப்பை எடுக்கும் முன் கல், வேர், மண்சட்டிகளின் இடத்தை மாற்றிவிட்டால் பழைய மீனின் எல்லைக்கோடும் கலையும். உடைந்த மண்பானையோ பிவிசி குழாய்த் துண்டோ, மீன்களின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலாகவும், ஒன்றின் வாய் மற்றொன்றைப் பார்க்காதபடியும் கிடக்கட்டும். விளக்கை அணைத்துவிட்டு மீனை விடுங்கள் என்ற பொது அறிவுரை இவற்றுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இரவுதான் இவை விழித்து உலவும் நேரம். பகலில் விட்டால், பழையது பதுங்கியிருக்கும்போதே புதியது மறைவிடம் தேடிக்கொள்ளும்.

இரவில் மங்கலான வெளிச்சத்தில் தொட்டியைக் கவனியுங்கள். கிழிந்த துடுப்பு, குட்டையான மீசை, தோலில் வெண்கீறல், மூலையில் ஒட்டி நிற்கும் மீன் ஆகியவை தெரிந்தால் உடனே பிரிக்க வேண்டும். தேளி மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பு; அதற்குச் செவுள் அறையிலிருந்து பின்னோக்கி நீளும் காற்றுப் பைகள் உண்டு. அதைத் தவிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. வாய்க்குள் அடங்கும் அளவுள்ள மீனைப் பெரிய கெளுத்தியுடன் விட்டால் நடப்பது சண்டையே அன்று, இரைகொள்ளல். அதற்கு எந்தத் தடுப்பும் நிரந்தரத் தீர்வாகாது.

பிரித்தெடுக்க வலையைப் பயன்படுத்த வேண்டாம். முள் வலையில் மாட்டிக்கொண்டால் மீனுக்கும் காயம், தேளியாக இருந்தால் நஞ்சுள்ள முள் பட்டு நம் கைக்கும் கடுமையான வலி. அகன்ற பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, மீனை அதற்குள் ஒதுக்கி, நீரோடு சேர்த்துத் தூக்குவதே பாதுகாப்பானது.