பூட்டீக் ஹோட்டல்: சொல் விளக்கம்

சேலத்தில் 'பூட்டீக்' என்று பலகை இருந்தால் உள்ளே ஆரி ஒர்க் பிளவுஸ் தைக்கிறார்கள் என்று பொருள். 'ஹோட்டல்' என்று இருந்தால் இட்லியோ புரோட்டாவோ கிடைக்கும். இரண்டையும் ஒட்டி 'பூட்டீக் ஹோட்டல்' என்றால் வீட்டுப் பெரியவர்கள் விழிப்பதில் தப்பே இல்லை. இந்தச் சொல்லின் இரண்டு பாதிகளும் நம் ஊரில் வேறு பொருளில் புழங்குகின்றன.

முதல் பாதி பிரெஞ்சுச் சொல். பொருள், சிறு கடை. அதற்கு மூலம் கிரேக்கத்தின் 'அப்போதேக்கே', அதாவது பண்டங்களை ஒதுக்கி வைக்கும் இடம். நம் வார்த்தையில் கிடங்கு. லத்தீன் வழியாக இந்தக் கிடங்கு ஊர் ஊராகப் போய் வேடம் மாறியது. ஜெர்மனியில் மருந்துக்கடையானது, ஸ்பெயினில் 'போதேகா' என்று திராட்சை மது வைக்கும் அறையானது, பிரான்சில் பூட்டீக் ஆனது. (நம் கிடங்கும் சும்மா இருக்கவில்லை. மலாய் மொழிக்குப் போய் 'குடாங்' ஆகி, ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆகித் திரும்பி வந்ததைத்தான் இன்று குடோன் என்கிறோம்.)

இதில் ருசியான செய்தி ஒன்று உண்டு. இந்தச் சொல் நமக்குப் புதிதே இல்லை. போர்த்துக்கீசியர் இங்கே 'புத்திகா' என்று வழங்கியதை ஒட்டி, மெட்ராஸ் மாகாணத்திலும் இலங்கையிலும் இருந்த ஆங்கிலேயர் நம் சின்னக் கடைகளை 'பூட்டீக்' என்றே குறிப்பிட்டார்கள். இந்திய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதைப் பதிவு செய்கிறது. வாழைப்பழத்தாரும் சோடா பாட்டிலும் தொங்கிய பெட்டிக்கடைதான் அன்றைய பூட்டீக். ஒலி ஒற்றுமையைப் பார்த்து 'பெட்டிக்கடையிலிருந்து பூட்டீக் வந்தது' என்று கிளம்பிவிட வேண்டாம். பெட்டி வேறு, பூட்டீக் வேறு. பொருள்தான் ஒன்றாக இருந்தது.

நவநாகரிகத் துணிக்கடை என்ற பொருள் ஐரோப்பாவில் பிறகு ஏறியது. ஹோட்டலோடு அது ஒட்டிக்கொண்டதற்கு 1984இல் நியூயார்க்கில் திறந்த மார்கன்ஸ் ஹோட்டலைச் சுட்டுவது வழக்கம். ஸ்டீவ் ரூபெல், இயன் ஷ்ரேகர் இருவரும் தொடங்கியது. உள் அலங்காரம் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஆந்த்ரே புட்மன். மற்ற ஹோட்டல்கள் டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்றால் தங்களுடையது பூட்டீக் என்று ரூபெல் ஒப்பிட்டதாகச் சொல்வார்கள். அந்த ஒப்புமையில்தான் இலக்கணமே இருக்கிறது: சின்னது, ஒருவருடைய ரசனையில் அமைந்தது, இன்னோர் ஊரில் அச்சாக இதே மாதிரி இருக்காது. விலையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆகவே 'சொகுசு விடுதி' என்று மொழிபெயர்ப்பது பிழை.

ஹோட்டலுக்கு வேர் லத்தீனின் 'ஹோஸ்பெஸ்', விருந்தாளி என்று பொருள். ஹாஸ்டலும் ஹாஸ்பிடலும் அதே வயிற்றுப் பிள்ளைகள். தமிழில் அந்த இடத்துக்கு விடுதி இருக்கிறது. விடு என்பதற்குத் தங்கு என்றும் பொருள் உண்டு. கெடு கேடு ஆவதுபோல விடு வீடு ஆகும். படை தங்குமிடம் படைவீடு. வீட்டுக்கும் விடுதிக்கும் வேர் ஒன்றே என்பதால், வீடு போன்ற சின்ன ஹோட்டலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. சத்திரம், சாவடி இரண்டும் கட்டணமில்லாத அறத்தோடு சேர்ந்த சொற்கள். அறைக்கு ஆறாயிரம் வாங்கும் இடத்துக்கு வைத்தால் கேலியாகிவிடும்.

எனவே 'தனிப்பாணிச் சிறுவிடுதி' என்பது எங்கள் தேர்வு. கட்டுரையில் முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, பிறகு சிறுவிடுதி என்றால் போதும். 'எழில்விடுதி' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்த ஹோட்டல்தான் தன்னை எழில் இல்லை என்று ஒப்புக்கொள்ளும்?

அடுத்தது, பூட்டீக் ஹோட்டல் பேச்சில் கூடவே வரும் 'தீம்'. சிறுவிடுதிக்குத் தீம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. முந்நூறு அறை உள்ள பெரிய ஹோட்டலும் தீம் வைத்திருக்கலாம். இதற்குக் கருப்பொருள் என்ற சொல் கச்சிதம், தொல்காப்பியமே துணை நிற்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரு நிலத்துக்கு உரியவற்றை அது 'கரு' என்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: தெய்வம் சேர்வராயன், விலங்கு காட்டுமாடு, மரம் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக், தொழில் காப்பி பறிப்பு. சுவரில் காப்பிக்கொட்டைப் படம் ஒன்றை மாட்டி 'காப்பி தீம்' என்பது கருப்பொருள் ஆகாது, வால்பேப்பர். சேலத்தில் இப்படி ஒன்று வருமானால் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசைவிட நல்ல கரு வேண்டியதில்லை.

சென்னையிலோ பெங்களூருவிலோ இப்படி ஓர் இடத்தில் அறை எடுக்கும்போது சொல்லின் பொருள் கைக்கு உதவும். பூட்டீக் என்பது நட்சத்திரத் தகுதி அல்ல. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். ஆகவே முதலில் எத்தனை அறை என்று கேளுங்கள். அறைக்கு அறை கருப்பொருள் மாறும் இடத்தில், படத்தில் பார்த்த அறையே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். முன்பதிவு பெரும்பாலும் 'டீலக்ஸ்' போன்ற வகைக்குத்தான் நடக்கிறது. அறையின் பெயரோ எண்ணோ உறுதிச் சீட்டில் எழுத்தில் இருக்க வேண்டும்.

அளவைச் சதுர அடியில் கேளுங்கள். ஆறுக்கு ஆறரை அடிக் கட்டில் மட்டும் 39 சதுர அடி. 120 சதுர அடி அறையில் குழந்தைக்கு மூன்றடி மெத்தை ஒன்று போட்டால் இன்னொரு இருபது போய்விடும், பெட்டியைத் திறக்க இடமிருக்காது. குளியலறைக்குக் கண்ணாடித் தடுப்பா சுவரா என்பதைப் பெற்றோரோடு போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பழைய வீட்டை மாற்றியமைத்த இடங்களில் லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது. மெருகேற்றிய சிமென்டுத் தரை ஈரத்தில் வழுக்கும். கார்ப்பெட், திரைச்சீலை இல்லாத அறை எதிரொலிக்கும், பக்கத்து அறை போன் பேச்சும் கேட்கும்.

ஏற்காட்டில் வேறு தொல்லை: மழை மாதங்களில் ஈரம் ஏறி மரக்கதவு உப்பும், வால்பேப்பர் உரியும், அலமாரியில் பூஞ்சை வாடை வரும். சூரிய வெந்நீர் மட்டும் இருந்தால் மூடுபனி நாளில் காலையில் பச்சைத்தண்ணீர்தான். கீசர் உண்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் அது ஓடுமா என்று இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். காப்பித் தோட்ட முதலாளிகளின் பழைய பங்களாக்களைப் 'பூட்டீக்' என்று விளம்பரப்படுத்துவதும் உண்டு. 1950க்கு முன் கட்டியவற்றுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தில் 'ஹெரிடேஜ்' என்று தனி வகையே இருக்கிறது. தமிழில் மரபு விடுதி எனலாம்.

வாடகையில் ஒரு நுணுக்கம். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5%, தாண்டினால் 18%. 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875. 7,600 ரூபாய் அறைக்கு 8,968. நூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்துக்கு மேல் போகிறது.

பலகை எழுதுவோருக்கு: 'தனிப்பாணி', 'கருப்பொருள்' இரண்டிலும் ஒற்று மிகும், சேர்த்தே எழுத வேண்டும். 'கரு பொருள் அறை' என்று பிரித்துப்போட்டால் கறுப்புச் சாமான் வைத்த அறை என்றுதான் படிப்பார்கள்.