உந்தடியும் வீச்சடியும்: கோல்ஃப் பயிற்சியில் இரண்டு சொற்கள்

கோல்ஃப் பாடம் ஒன்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் இடறுவது ‘ஹிட்டிங்’, ‘ஸ்விங்கிங்’ என்ற இரண்டு சொற்களில்தான். மட்டையால் பந்தை அடிக்கும் இரண்டு முறைகளுக்கான பெயர்கள் இவை. ‘அடித்தல்’, ‘சுழற்றல்’ என்று போட்டுவிடலாம் என்று தோன்றும். போட்டால் பொருள் கெட்டுவிடும்.

இரண்டு வகை ஆட்டக்காரரும் பந்தை அடிக்கத்தான் செய்கிறார்கள். அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு. வலக்கைக்காரர் ஒருவரைக் கவனியுங்கள். மட்டையைப் பின்னுக்குத் தூக்கியதும் அவருடைய வலது முழங்கை மடங்கியிருக்கும். மட்டையைக் கீழே கொண்டுவரும்போது மேற்கையின் பின்தசையால் அந்த முழங்கையை நீட்டி மட்டையைத் தள்ளினால் அது ஹிட்டிங். உடல் திரும்புகிற திருப்பத்தில் இடக்கை மட்டையை இழுத்துவர, வலது முழங்கை தானாக நிமிர்ந்தால் அது ஸ்விங்கிங். மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய 0.0005 நொடி. அதற்குள் எந்தத் தசையாலும் புதிதாக எதையும் கூட்ட முடியாது. தள்ளுவதோ இழுப்பதோ அதற்கு முன்பே நடந்து முடிகிற வேலை.

வேலூர்ப் பக்கம் கம்பங்கொல்லையில் குருவி விரட்டக் கவண் பிடித்தவர்களுக்கு இரண்டாவது வகை சட்டென்று பிடிபடும். கை இழுக்கிறது, கயிறு விறைக்கிறது, கல் வெளியே ஓடப் பார்க்கிறது. முதல் உலகப் போரில் காலை இழந்த ஆங்கிலேயப் பயிற்சியாளர் எர்னஸ்ட் ஜோன்ஸ், கைக்குட்டை நுனியில் பேனாக்கத்தியைக் கட்டி ஆட்டிக் காட்டி இதையேதான் கற்பித்தார். இரண்டையும் தனித்தனி முறைகளாக வகுத்து எழுதியவர் அமெரிக்கரான ஹோமர் கெல்லி. அவருடைய ‘தி கோல்ஃபிங் மெஷின்’ 1969இல் வந்தது. இந்தப் பிரிவினையையே ஏற்காத பயிற்சியாளர்களும் நிறைய உண்டு.

சொற்களின் வேர் சுவையானது. ‘ஹிட்’ பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதற்குப் பொருள் எதிர்ப்படுதல், சந்தித்தல். ‘ஸ்விங்’ பழைய ஆங்கிலத்தில் அடித்தல், சாட்டையால் விளாசுதல். ஆடுதல், ஊசலாடுதல் என்ற பொருள் பின்னால் ஏறியது. ஆக, இன்று ‘அடி’க்கு எதிர்ப்பக்கம் நிற்கும் சொல்தான் அன்றைக்கு அடியாக இருந்திருக்கிறது!

சரி, தமிழுக்கு வருவோம். ‘சுழற்றல்’ ஏன் ஆகாது? பந்து தன்னைத்தானே சுற்றுவதைச் சுழல் என்கிறோம். கோல்ஃபிலும் அந்தச் சுழலைப் பற்றிப் பேசியாக வேண்டும். தவிர, நம்மூர் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் பையன்களிடம் ‘சுத்தாதடா, பார்த்து அடி’ என்றால், சுத்துவது கண்மூடித்தனமாக மட்டையை விடுவது. நல்ல நுட்பம் ஒன்றுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

‘வீச்சு’ சரியாகப் பொருந்துகிறது. பந்துவீச்சில் பந்து கையை விட்டுப் போகிறதே என்று கேட்கலாம். ஆனால் கைவீசி நடக்கிறோம், சாட்டை வீசுகிறோம், அரிவாள் வீசுகிறோம். எதுவும் கையை விட்டுப் போவதில்லை. சிலம்பத்திலும் கம்பை வீசுகிறார்கள்.

ஆங்கிலத்தில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. மட்டையைத் தூக்குவது முதல் முடிப்பது வரையுள்ள மொத்த அசைவும் ஸ்விங்தான், அதில் ஒரு வகையும் ஸ்விங்தான். தமிழில் இதைத் தவிர்க்கலாம். மொத்த அசைவுக்கு ‘வீச்சு’ என்றே வைத்துக்கொண்டு, தள்ளி அடிப்பதை ‘உந்தடி’ என்றும் இழுத்து வீசி அடிப்பதை ‘வீச்சடி’ என்றும் எழுதலாம் என்பது என் பரிந்துரை. ‘அடி’ இரண்டிலும் இருப்பதால் ஒன்று அடிப்பது, மற்றது அடிக்காதது என்ற மயக்கம் வராது. ‘இவருடைய வீச்சு உந்தடி வகை, வலது முழங்கையைக் கவனியுங்கள்’ என்று எழுதினால், கோல்ஃப் திடலையே பார்க்காத காட்பாடி மாணவருக்கும் எதைப் பார்க்க வேண்டும் என்று புரியும். இடக்கைக்காரரைப் பற்றி எழுதும்போது மட்டும் வலம், இடம் என்பதை மாற்றிப் போட மறக்கக் கூடாது.