ஹெட்டர் போல்ட் ஏன் தளர்கிறது?

எஞ்சினின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுப்பான எக்ஸாஸ்ட் ஹெட்டர் மாட்டிய பர்ஃபாமன்ஸ் காரில் ஒரு சத்தம் அடிக்கடி கேட்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்று தட்டும், சூடேறியதும் அடங்கிவிடும். ஹெட்டரை எஞ்சினோடு போல்ட் போட்டு இணைக்கும் தட்டையான பட்டையான ஃபிளாஞ்சின் ஓரத்தில் கரிக்கோடும் தெரிந்தால் அங்கே புகை கசிகிறது என்று பொருள். உடனே ஸ்பானரை எடுத்து இன்னும் இறுக்கத்தான் கை போகும். அதில் பயனில்லை. அளவுக்கு மீறி இறுக்கினால் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டின் மரைதான் பிய்ந்துகொண்டு வரும்.

போல்ட்டை மிக விறைப்பான ஒரு ஸ்பிரிங்காகப் பார்க்க வேண்டும். இறுக்கும்போது அது துளி நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் அந்த இழுவிசைதான் ஃபிளாஞ்சை ஹெட்டோடு சேர்த்துப் பிடிக்கிறது. ஹெட்டர் போல்ட்டோ குட்டையானது. அதில் நீளக்கூடிய பகுதி 10 மி.மீ. என்று கொள்வோம். 400 மெகாபாஸ்கல் தகைவு (குறுக்குப் பரப்பின் ஓர் அலகில் விழும் விசை) வரும்வரை இறுக்கினாலும் நீட்சி வெறும் 0.02 மி.மீ.தான். சூட்டில், ஃபிளாஞ்சுக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் கேஸ்கெட் அதே 0.02 மி.மீ. அமுங்கினால் பிடிமானம் மொத்தமும் போயிற்று. இத்தனைக்கும் போல்ட் ஒரு டிகிரிகூடத் திரும்பியிருக்காது! நீளும் பகுதி 50 மி.மீ. இருந்தால் நீட்சி 0.1 மி.மீ. ஆகும், அதே அமுங்கலுக்குப் பிறகும் ஐந்தில் நான்கு பங்கு இறுக்கம் மிஞ்சும். நீண்ட ஸ்டட்டும் (இரு முனையிலும் மரையுள்ள, தலையில்லாத போல்ட்), நட்டுக்கு அடியில் ஒரு தடித்த குழாய்த் துண்டும் போடுவதை நான் முதல் தீர்வாகச் சொல்வது இதனால்தான்.

அடுத்த எதிரி பக்கவாட்டு நகர்வு. 20 டிகிரியில் மாட்டிய 400 மி.மீ. நீள எஃகு ஃபிளாஞ்ச் 300 டிகிரிக்குச் சூடேறினால் சுமார் 1.3 மி.மீ. நீளும். 100 டிகிரியில் இருக்கும் அலுமினிய ஹெட் அதே நீளத்தில் சுமார் 0.7 மி.மீ.தான் நீளும். மிச்சமுள்ள 0.6 மி.மீ. இரு முனைகளிலும் உரசலாக வெளிப்படுகிறது. ஸ்டெயின்லெஸ் என்றால் இன்னும் அதிகம். இப்படிக் குறுக்கே வழுக்குவதுதான் போல்ட்டைச் சுழற்றிக் கழற்றுகிறது என்று ஜெர்மானியப் பொறியாளர் ஜெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை செய்து காட்டினார். ஃபிளாஞ்சைப் போர்ட்டுக்குப் போர்ட் (ஹெட்டில் புகை வெளிவரும் வாய்) தனித்தனியாக வெட்டிவிடுவதும், முனைத் துளைகளைச் சற்றுப் பெரிதாக்குவதும் இந்த நகர்வுக்கு வழி விடத்தான். சைலன்சர் குழாயின் எடையும் ஹெட்டரில் தொங்கக்கூடாது. தனியாகத் தாங்கி கொடுக்க வேண்டும்.

பூட்டும் வகைகளில் சாதாரண ஸ்பிரிங் வாஷரை நம்ப வேண்டாம். நைலான் நட் சுமார் 120 டிகிரியைத் தாண்டினால் பிடி விட்டுவிடும். முழுக்க உலோகத்தாலான லாக் நட், ஆப்பு வடிவப் பற்களுள்ள ஜோடி வாஷர், தலையில் தகடு மாட்டிப் பூட்டும் போல்ட் ஆகியவை வெப்பத்தைத் தாங்கும். ஆனால் இவை சுழல்வதை மட்டுமே தடுக்கும். கேஸ்கெட் அமுங்கி இழந்த இறுக்கத்தை எந்தப் பூட்டும் மீட்டுத் தராது. பூட்டு போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அதிகம் அமுங்காத பல அடுக்கு எஃகு கேஸ்கெட் போடுவது நல்லது.

இறுக்கும்போது நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றுகளாக, முறுக்குவிசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது, மீதி உராய்விலேயே போய்விடுகிறது. அதனால் மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் ஆன்ட்டி-சீஸ் பசையைத் தடவினால் அதே அளவு முறுக்குவிசைக்கு இழுவிசை கூடிவிடும். முறுக்குவிசையைக் குறைத்தாக வேண்டும். சிலமுறை சூடேறி ஆறிய பின், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி ரெஞ்சில் சரிபாருங்கள்.