காப்புறுதி கட்டாயமாம்! சரி, யாருக்குக் கட்டாயம்?

போன வாரம் பேராக்கில் சுங்கை சிப்புட் சந்தைப் பக்கம் ஒரு கடையில் தோசைக்குக் காத்திருந்தேன். தோட்டத்தில் பல வருஷம் பால்மரம் வெட்டி, இப்போது செம்பனைத் தோட்டத்துக்கு உரம் போடப் போகும் அக்கா ஒருவர் கைப்பேசியை என் காதருகே நீட்டினார். "தம்பி, இனிமே சம்பளத்துல பத்துல ஒரு பங்கு ஆஸ்பத்திரிக்குன்னு பிடிப்பாங்களாமே, ஒரு வெள்ளி டிக்கெட்டெல்லாம் கிடையாதாமே?" வாட்சப்பில் வந்த குரல் பதிவு. யாரோ படபடவென்று பேசுகிறார். யார், எந்த அமைச்சு, எந்தத் தேதியிலிருந்து, ஒன்றும் இல்லை. இரண்டு மேசை தள்ளி ஒரு காப்புறுதி முகவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தப் பேச்சு கரும்பாக இனித்திருக்க வேண்டும். "கட்டாயம் ஆக்கிட்டா விலை ஏறிடும்க்கா, இப்பவே ஒண்ணு எடுத்துப் போட்டுடுங்க" என்றார்.

முதலில் நேரடியான பதில். குடிமக்கள் எல்லாரும் கட்டியே ஆக வேண்டிய அரசாங்க மருத்துவக் காப்புறுதி என்று ஒன்று மலேசியாவில் இன்று கிடையாது. அப்படி ஒன்று வேண்டும், வேண்டாம் என்ற வாதம் இருக்கிறது. அது எண்பதுகளிலிருந்தே விட்டு விட்டு நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கு கதைகூட புதிதல்ல. 2012 வாக்கில், நஜிப் பிரதமராக இருந்தபோது, 'ஒன் கேர்' என்ற யோசனை பேசப்பட்டது. எல்லாரும் சந்தா கட்ட வேண்டும், அரசாங்க கிளினிக்கும் தனியார் கிளினிக்கும் ஒரே முறைக்குள் வரும் என்கிற மாதிரி ஒரு திட்டம். சம்பளத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்று எதிர்ப்பாளர்கள் கிளம்பினார்கள், அமைச்சு மறுத்தது, கடைசியில் திட்டம் கிடப்பில் போனது. அந்தக் காலத்துப் பயம்தான் சட்டையை மாற்றிக்கொண்டு வாட்சப்பில் திரும்ப வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு வெள்ளி டிக்கெட். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ஐந்து வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் ஒரு நாளைக்கு மூன்று வெள்ளி. 1951ஆம் ஆண்டின் கட்டணச் சட்டத்தின் கீழ் வரும் கட்டணங்கள் இவை. மீதிச் செலவை யார் கொடுக்கிறார்கள்? நாம்தான், வரியாக. வருமான வரி கட்டாத உரம் போடும் அக்காகூட வாங்கும் பொருளிலும் சேவையிலும் விற்பனை, சேவை வரியைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். 2025 பட்ஜெட்டில் சுகாதார அமைச்சுக்கு 45.3 பில்லியன் ரிங்கிட் ஒதுக்கினார்கள். அது போதவில்லை என்பதற்குப் பெரிய ஆய்வு வேண்டாம், காலை ஆறரை மணிக்கு கிளினிக் வாசலில் எண் சீட்டுக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால் தெரியும். நாட்டில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மக்கள் நேராகத் தங்கள் பையிலிருந்தே கொடுக்கிறார்கள். காத்திருக்க முடியாதவர் தனியாரிடம் போகிறார், போக முடியாதவர் காத்திருக்கிறார். இந்த இடத்தில்தான் காப்புறுதிப் பேச்சு உள்ளே நுழைகிறது.

கட்டாயம் என்றதும் பதறுகிறோம். ஆனால் கட்டாயக் காப்புறுதி ஒன்று ஏற்கெனவே நம் சம்பளச் சீட்டில் இருக்கிறது. சீட்டை எடுத்துப் பாருங்கள். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவர் என்றால், ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. அதற்குக் கீழே பெர்கெசோ என்று 8 வெள்ளி 25 சென். அதற்கும் கீழே எஸ்.ஐ.பி. என்று 3 வெள்ளி 40 சென்னுக்குள் ஒரு தொகை. அது வேலை போனால் கைகொடுக்கும் காப்புறுதி. நடுவில் இருக்கும் அந்த 8.25தான் நாம் 'சொக்சோ' என்று சொல்லும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. முதலாளி தன் பங்காக 28 வெள்ளி சொச்சம் போட வேண்டும். வேலையிடத்து விபத்துக்கும், வேலைக்குப் போகும் வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் இதில் சிகிச்சை உண்டு. 60 வயதுக்குள் நோயால் இனி வேலையே செய்ய முடியாது என்று ஆகிவிட்டால், சந்தா போதிய அளவு கட்டியிருந்தால், இயலாமை ஓய்வூதியம் உண்டு. தகுதி உள்ளவருக்கு டயாலிசிஸ் செலவையும் சொக்சோ ஏற்கிறது. நம் ஊரில் இனிப்பு நீர் வியாதி இருக்கிற இருப்புக்கு இந்தக் கடைசி வரியை மட்டுமாவது வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டும்.

ஆனால் இங்கேதான் சிக்கல். சில வருஷத்துக்கு முன்பு பக்கத்துத் தோட்டத்தில் குலை வெட்டும் ஒருவர் சிறுநீரகம் போய்ப் படுத்தார். சொக்சோ விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டு எங்கே என்றேன். ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து கவிழ்த்தார்கள்: பள்ளிக்கூட ரசீது, கோயில் ரசீது, நடுவில் நாலைந்து துண்டுக் காகிதங்கள், அதில் பேனாவால் எத்தனை டன், எவ்வளவு காசு என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். ஒன்பது வருஷம் ஒரே குத்தகையாளரிடம் வேலை, சொக்சோவில் அவர் பெயரே இல்லை. பதிவு செய்யாத முதலாளிக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை என்று சட்டம் இருக்கத்தான் செய்கிறது. புகார் கொடுக்கலாம் என்றேன். "எங்க தம்பிக்கும் அந்தக் குத்தகையாளர்கிட்டதான் வேலை, விட்டுடுங்க" என்றார் வீட்டுக்காரம்மா. விட்டுவிட்டோம். எனக்கு இன்றும் அது உறுத்தல்தான்.

அதனால்தான் கட்டாயம் என்ற சொல்லைக் கேட்டால் நான் முதலில் கேட்பது, யாருக்குக் கட்டாயம் என்று. பழைய ஆட்கள் 'டிரசர்' பற்றிச் சொல்வார்களே, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுபவர், காய்ச்சலுக்கு கொய்னா மருந்து கொடுப்பவர். அவர் முதலாளியின் தருமத்தால் வந்தவர் இல்லை. தோட்டத்தில் மருத்துவ வசதி வைப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று சட்டம் சொன்னது. அந்த உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே வந்தது, 1990இல் வந்த குடியிருப்பு, வசதிகள் சட்டமும் தோட்டத்து மருத்துவத்தைப் பேசியது. அப்போது கட்டாயம் முதலாளியின் தலையில் இருந்தது. தோட்டம் துண்டாகி, லயத்து வீடுகள் உடைந்து, மக்கள் தாமான் குடியிருப்புக்கு வந்தபோது அந்தக் கட்டாயமும் சத்தமில்லாமல் கழன்று விழுந்துவிட்டது. இப்போது வரும் யோசனைகளில் கட்டாயம் தொழிலாளியின் சம்பளச் சீட்டில் வந்து உட்காருகிறது. சம்பளச் சீட்டே இல்லாதவனுக்கு எங்கே போய் உட்காரும்?

வெளிநாட்டுத் தொழிலாளர் விஷயத்தில் இதை ஒரு முறை செய்து பார்த்தார்கள். 2011இல் அவர்களுக்கு ஆஸ்பத்திரிக் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டது, ஆண்டுக்கு 10,000 வெள்ளி வரை பாதுகாப்பு. ஆரம்பத்தில் விதிவிலக்கு யாருக்குத் தெரியுமா? தோட்டத் தொழிலாளிக்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும். என்ன காரணம் சொன்னாலும், மிச்சம் பிடிப்பது யார் என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஆனால் கட்டாயம் வேண்டும் என்று சொல்பவர்களும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. நம் கோயில் மரண சகாய நிதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஐந்து வெள்ளி, சாவு விழுந்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை. இளவட்டங்கள் "நமக்கெதற்கு" என்று விலகி, எழுபது வயதுக்காரர்கள் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும்? சந்தா ஏறும், ஏறினால் இன்னும் பத்துப் பேர் விலகுவார்கள், அப்புறம் கணக்குப் புத்தகமும் ஒரு காலிப் பெட்டியும்தான். தனியார் மருத்துவக் காப்புறுதியில் இன்று கிட்டத்தட்ட இதுவும், தனியார் ஆஸ்பத்திரி பில்லும் சேர்ந்துதான் விலையைத் தூக்குகின்றன. 2024இல் பிரீமியம் 40, 50 விழுக்காடு என்று ஏறிக் கூச்சல் கிளம்பி, டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது: உயர்வை மூன்று ஆண்டுகளுக்காவது பிரித்துப் போடு என்றது. எல்லாரும் கட்டாயம் சேர வேண்டும் என்றால் கூட்டம் பெரிதாகும், ஒருவர் சுமை பலர் மேல் பரவும். தென்கொரியாவும் தைவானும் அப்படித்தான் செய்தன. தத்துவம் சரிதான்.

நடைமுறை வேறு. தோட்டத்தில் நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசியக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் நாட்டில் 2014இல் கட்டாயக் காப்புறுதி தொடங்கியது. மாதச் சம்பளக்காரரிடம் பிடிப்பது சுலபம், சந்தையில் மீன் விற்பவரிடம் எப்படிப் பிடிப்பது? நிதியில் துண்டு விழுந்தது, சந்தாவை ஏற்றினார்கள், 2020இல் உச்ச நீதிமன்றம் அந்த உயர்வை ரத்து செய்தது, சில மாதத்திலேயே அரசாங்கம் மறுபடி ஏற்றியது. தாய்லாந்து வேறு பாதை: 2002இல் வரிப் பணத்திலேயே எல்லாருக்கும் சிகிச்சை என்று ஆரம்பித்தார்கள், ஒரு தடவைக்கு 30 பாட். சுங்கை சிப்புட்டில் 2008 முதல் 2018 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் பல காலமாகச் சொல்லி வருவதும் அந்தப் பக்கம்தான்: பொது ஆஸ்பத்திரியை வரிப் பணத்தால் பலப்படுத்து, தனியார் கைக்குத் தள்ளாதே. நுரையீரல் மருத்துவர், அரசாங்க ஆஸ்பத்திரியை உள்ளிருந்து பார்த்தவர். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு, மறைக்கவில்லை.

இப்போது மேசையில் இருப்பது என்ன? 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, 15 ஆண்டுக் கணக்கு வைத்தது. நிதி திரட்டும் முறை மாற வேண்டும் என்று பேசுகிறது, ஆனால் நாளைக்கே உங்கள் சம்பளத்தில் கை வைக்கும் சட்டம் இல்லை. அப்புறம் 2025இல் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து மருத்துவக் காப்புறுதிக்குக் கட்ட அனுமதிக்கலாம் என்று சுகாதார அமைச்சர் டாக்டர் சுல்கிப்ளி அமாட் பேசப்போய், வயதான காலத்துக் காசு அது என்று எதிர்ப்பு வந்தது. அதுவும் விருப்பம் உள்ளவர்களுக்கு என்றுதான் விளக்கினார்கள். பேங்க் நெகாரா பேசும் அடிப்படைக் காப்புறுதித் திட்டமும் அப்படியே, விரும்பினால் எடுக்கலாம். ஆக, "கட்டாயம் ஆகப் போகுது, இப்பவே போடு" என்று யார் சொன்னாலும், எந்தச் சட்டம், எந்தத் தேதி என்று கேளுங்கள். காப்புறுதி எடுப்பது உங்கள் இஷ்டம், பயத்தில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

அடையாள அட்டை இல்லாதவர்கள் இந்த வாதத்தில் எங்குமே இல்லை. தோட்டத்திலேயே பிறந்து, அப்பா அம்மா பதிவு செய்யாமல் விட்டு, ஐம்பது வயதிலும் ஐ.சி. இல்லாமல் இருப்பவர் நம் ஊரில் உண்டு. கிளினிக்கில் அவரிடம் வெளிநாட்டுக்காரர் கட்டணம் கேட்பார்கள், ஒரு வெள்ளிக்குப் பதில் 40 வெள்ளி. எந்தக் காப்புறுதி வந்தாலும் விண்ணப்பப் பாரத்தின் முதல் கட்டம் ஐ.சி. எண்தான்.

கையில் இருப்பதையாவது விடாமல் எடுங்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்.டி.ஆர். உதவித்தொகை வாங்குபவரும் அவர் துணையும் 40 வயதை எட்டியிருந்தால், 2019இல் வந்த பெக்கா பி40 என்ற சுகாதாரத் திட்டம் அவர்களுக்கானது. தனியாகப் பதிய வேண்டாம், சந்தா ஒரு சென் கிடையாது. திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக்கிலேயே இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். இருதய ஸ்டென்ட், செயற்கை மூட்டு போன்ற கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவி, புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 வெள்ளி, போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை உண்டு. வீட்டோடு இருக்கும் பெண்களுக்கு 2022 டிசம்பரிலிருந்து சொக்சோ தனித் திட்டம் வைத்திருக்கிறது, ஆண்டுக்கு 120 வெள்ளி, 55 வயதுக்குள் சேர வேண்டும், இஷ்டப்பட்டால் மட்டும். வேலை செய்பவர்கள் சம்பளச் சீட்டை மட்டும் நம்பாமல் சொக்சோ அலுவலகத்தில் தங்கள் பெயரில் காசு ஏறுகிறதா என்று ஒரு தரம் கேட்டுவிடுங்கள். சீட்டில் பிடித்துவிட்டு அங்கே கட்டாமல் விட்டதையும் பார்த்திருக்கிறேன்.

தோசை வருவதற்குள் அக்காவின் ஐ.சி. எண்ணைத் தட்டிப் பார்த்தேன். பெக்கா பி40 பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஆறு ஏழு வருஷமாக இருந்திருக்கும் போல, ஒருவரும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை டவுனில் உள்ள கிளினிக்குக்குப் போவதாக முடிவு. "அந்தக் குரல் பதிவை அழிச்சுடுங்கக்கா" என்றேன்.

"அய்யோ, அதை மூணு குரூப்புக்கு அனுப்பிட்டேனே தம்பி."